சின்னப் பிள்ளைகளோடு சென்னையில் காலை நேரம்: வேன் வருவதற்குள் பதறாமல் கிளம்ப ஒரு வழிகாட்டி

வெளியூரிலிருந்து சென்னைக்குக் குடிவந்து, பிள்ளையை முதன்முதலாகப் ப்ரீ-கே.ஜி.யிலோ எல்.கே.ஜி.யிலோ சேர்த்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீடு. பாட்டி தாத்தா கூட இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காலை ஆறரையிலிருந்து ஏழே முக்கால் வரை வீடு ரெண்டுபடும். எங்கள் வீட்டில் ஒரு கல்வியாண்டின் பெரும்பகுதி அப்படித்தான் போனது. விசாரித்தும், மாற்றி மாற்றிச் செய்து பார்த்தும் தேறியதை வரிசையாகச் சொல்கிறேன்.

மூன்று நான்கு வயதுப் பிள்ளையை வேகப்படுத்த முடியாது. அவர்களுக்கு மணி பார்க்கத் தெரியாது. ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று நாம் கத்தக் கத்த இன்னும் மெதுவாகத்தான் ஆவார்கள். நம்மால் முடிந்தது, காலையில் கிடக்கும் வேலைகளைக் குறைப்பது. கீழே வரும் படிகள் எல்லாமே அதற்காகத்தான்.

1. காகிதங்களை மே மாதத்திலேயே ஒரு கோப்பில் சேர்த்துவிடுங்கள்

காலை நேரத்துக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். டைரியில் மிஸ் ‘நாளை பிறப்புச் சான்றிதழ் நகல் இரண்டு, பாஸ்போர்ட் அளவு போட்டோ நான்கு’ என்று எழுதியிருப்பார். அது காலை ஏழு மணிக்கு உங்கள் கண்ணில் படும். அந்த நேரத்தில் எந்த ஜெராக்ஸ் கடையும் திறந்திருக்காது. ஜூன், ஜூலை முழுக்க இப்படி ஏதாவது ஒன்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கோப்பில் இருக்க வேண்டியவை இவை:

பிறப்புச் சான்றிதழ் நகல் ஐந்து. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் பிறந்த பிள்ளை என்றால் மாநகராட்சியின் இணையதளத்திலேயே இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம், தரகரிடம் போக வேண்டியதில்லை. சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் பிறப்பைப் பதியும்போது பல வீடுகளில் பெயரே வைத்திருக்க மாட்டார்கள், அந்த இடம் காலியாகவே இருக்கும். பிறந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கத் தாமதக் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு 15 வயது வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டமே மாறிவிட்டது. அதனால் பெயரிலோ எழுத்துக்கூட்டலிலோ பிழை இருந்தால் பள்ளி திறக்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.

ஆதார். ஐந்து வயதுக்குள் எடுப்பது நீல நிற அட்டை. கைரேகை வாங்க மாட்டார்கள். ஐந்து முடிந்ததும் கைரேகையும் கருவிழியும் பதிய வேண்டும். 5-லிருந்து 7 வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை.

தடுப்பூசி அட்டையின் நகல், பிள்ளையின் ரத்த வகை எழுதிய சீட்டு, பாஸ்போர்ட் அளவு போட்டோ எட்டு. அப்பா, அம்மா, பாட்டி என யார் யார் பிள்ளையை அழைத்துப்போக வரலாம் என்று போட்டோவோடு ஒரு கடிதம். பள்ளி கேட்காவிட்டாலும் நீங்களே கொடுத்துவிடுங்கள். நகலும் போட்டோவும் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

2. வேனைப் பேசி முடிப்பதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்

காலை எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வேன்தான். பள்ளி எட்டரைக்கு என்றால் எல்லாரும் எட்டரையையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். வேன் உங்கள் வீட்டுக்கு எத்தனையாவதாக வருகிறது என்பதுதான் உண்மையான கணக்கு. முதல் வீடு உங்களுடையது என்றால் ஏழு ஐந்துக்கே பிள்ளை தெருவில் நிற்க வேண்டும், அப்புறம் ஒரு மணி நேரம் ஊர் சுற்ற வேண்டும். கடைசி வீடு என்றால் எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும். இரண்டுக்கும் மாதக் கட்டணம் ஒன்றாகவே இருக்கும். ஆகவே, முதல் கேள்வி: “அண்ணே, எங்க வீடு எத்தனையாவது ஸ்டாப்?” மூன்றாவதோ நான்காவதோ வரும்படி வழியை மாற்ற முடியுமா என்று ஏப்ரலிலேயே கேட்டால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். ஜூனில் கேட்டால் வழி முடிவாகியிருக்கும்.

கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு மாதம் 1,500 முதல் 3,000 ரூபாய் வரை பேசுவார்கள். இங்கே ஒரு பொறி உண்டு: வருடத்துக்கு எத்தனை மாதக் கட்டணம் என்று கேளுங்கள். பத்து மாதம் வாங்குபவரும் உண்டு, பன்னிரண்டு மாதமும் வாங்குபவரும் உண்டு. பள்ளி விடுமுறை விட்ட மே மாதத்துக்கும் பணம் கேட்டு வந்து நிற்கும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது. முன்பணம் கொடுத்தால் அது கடைசி மாதத்தில் கழியுமா என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டியையும் பாருங்கள். தனியார் வேன் என்றால் நம்பர் பலகை மஞ்சளாக இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டி சொந்த உபயோகத்துக்கானது. கூலிக்கு ஓட்டக் கூடாது. அதில் விபத்து நடந்தால் காப்பீட்டுப் பணம் வாங்குவதே பெரும்பாடாகிவிடும். மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்று காட்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும், கட்டாயம் பாருங்கள். பள்ளியின் சொந்தப் பேருந்து என்றால் தமிழ்நாட்டின் 2012-ஆம் ஆண்டுப் பள்ளிப் பேருந்து விதிகளுக்குக் கட்டுப்பட்டது. அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், கூடவே வரும் உதவியாளர் எல்லாம் இருக்க வேண்டும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் பிள்ளையை ஒட்ட வைத்து, பைகளை வெளியே தொங்கவிட்டுப் போகும் ஆட்டோ எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டவே வேண்டாம்.

ஸ்கூட்டரில் நீங்களே கொண்டுபோய் விடுவதாக இருந்தால் இரண்டு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை உள்ள பிள்ளைக்கு ஹெல்மெட்டோடு, ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டும் வேண்டும். வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டாவது விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்கத் தொல்லையாக இருந்தாலும், காலையில் பாதி உறக்கத்தில் தலை சாய்க்கிற பிள்ளைக்கு அந்த பெல்ட் எவ்வளவு அவசியம் என்று கட்டிப் பார்த்தால் தெரியும். ஹெல்மெட்டைக் கடைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போய்த் தலைக்கு அளவு பார்த்து, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக வாங்குங்கள். ‘வளர்ந்தாலும் ஆகும்’ என்று பெரிதாக வாங்கினால் கண்ணுக்கு மேல் விழும், பிள்ளை கழற்றி எறியும்.

3. வீட்டுக் கதவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

வேன் 7.50-க்கு என்று வைத்துக்கொள்வோம். 7.45-க்குக் கதவைப் பூட்ட வேண்டும். அடுக்குமாடி என்றால் லிஃப்டுக்கு இன்னும் மூன்று நிமிடம் சேருங்கள். சீருடை, தலை வாரல், ஷூ இவற்றுக்கு 7.30-லிருந்து. சாப்பாடு 7.05-லிருந்து 7.30 வரை. குளியல் 6.50-லிருந்து. பல் தேய்ப்பதும் கழிப்பறையும் 6.30-லிருந்து. எழுப்புவது 6.20-க்கு. எழுந்ததும் பத்து நிமிடம் மடியில் சும்மா கிடக்கட்டும். அதை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் அதற்குமேல் அழுகையில் போய்விடும்.

பெரியவர்கள் குளித்து உடுத்தி முடிக்க வேண்டியது 6.20-க்குள். சமையலைத் தொட்டு நிற்பவரின் குளியல் மட்டும் பிள்ளை கிளம்பிய பிறகு இருக்கலாம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது என்பதால் பக்கத்தில் பல் துலக்கி, வாளி, இட்லி, ஷூ என்று நான்கு படம் வரைந்துவிடுங்கள். ‘அடுத்து என்ன?’ என்று பிள்ளையே போய்ப் பார்த்துச் சொல்லும். அம்மா சொன்னால் மறுக்கிற பிள்ளை, படம் சொன்னால் கேட்கும்.

4. தூங்கும் நேரத்தை மாற்றாமல் வேறு எதையும் மாற்ற முடியாது

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 3, 4 வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். 1, 2 வயதுக்கு 11 முதல் 14. காலை 6.20-க்கு எழ வேண்டும், மதியம் ஒரு மணி நேரம் தூங்குகிறது என்றால் ராத்திரி எட்டரைக்குக் கண் மூடியிருக்க வேண்டும். அப்போதுதான் கிட்டத்தட்ட பதினொரு மணி நேரம் தேறும்.

எட்டரை என்றதும் சென்னையில் பாதி வீடுகளில் சிரிப்பார்கள். அப்பா அலுவலகத்திலிருந்து வருவதே எட்டேகாலுக்கு. வந்ததும் பிள்ளையைத் தூக்கிப் போட்டு விளையாடுவார், அது குதிக்கும், ஒன்பதரை ஆகிவிடும். கூடத்தில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். இந்த இரண்டும்தான் மறுநாள் காலையைக் கெடுக்கின்றன. மாமியாரிடம் போய் டி.வி.யை நிறுத்துங்கள் என்று சொல்லாதீர்கள், மனக்கசப்புதான் மிஞ்சும். பிள்ளை படுக்கும் அறையை எட்டு மணிக்கே இருட்டாக்கி, கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டுவிடுங்கள். சத்தம் கொஞ்சம் கேட்டாலும் பரவாயில்லை. அப்பாவின் விளையாட்டைக் காலை 6.20-க்கு மாற்றுங்கள். எங்கள் வீட்டில் பெரிய வித்தியாசம் செய்தது இதுதான். எழுப்புவது அப்பா, மடியில் பத்து நிமிடமும் அவருடையது என்று ஆனதும், எழுந்திருக்கப் பிள்ளைக்கே ஓர் ஆசை வந்துவிட்டது.

ஒரே நாளில் ஒன்றரை மணி நேரத்தை முன்னே இழுக்காதீர்கள். பள்ளி திறக்க மூன்று வாரம் இருக்கும்போதே தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். எழுப்பும் நேரத்தையும் அதே அளவு முன்னால் நகர்த்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரை தூங்கவிட்டால் திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து. ஞாயிறும் ஏழு மணிக்குள் எழுப்பிவிடுங்கள்.

5. ராத்திரியே முடிக்க வேண்டியவை

பிள்ளை தூங்கிய பிறகு இருபது நிமிடம் போதும். வரிசை முக்கியம். முதலில் டைரி. பிறகு பை. பிறகு சீருடை, உள்ளாடை, சாக்ஸ், கைக்குட்டை, பெல்ட், அடையாள அட்டை எல்லாம் ஒரே கூடையில். ஷூ வாசலில், ஒவ்வொன்றுக்குள்ளும் அதனதன் சாக்ஸ். தண்ணீர் பாட்டில் கழுவிக் கவிழ்த்து. டைரியை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘நாளை பச்சை நிற உடை’, ‘ஒரு மாவிலை கொண்டு வரவும்’ என்று இருந்தால் ஒன்பது மணிக்குக்கூடப் பக்கத்து வீட்டில் கேட்கலாம். இதில் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சில அறிவிப்புகள் அங்கே மட்டும்தான் வரும்.

சீருடை மூன்று செட் வாங்குங்கள். இரண்டு போதும் என்று கடையில் சொல்வார்கள். ஜூன், ஜூலை வெயிலில் போதும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி இரண்டு நாள் ஆனாலும் காயாது, ஈர நாற்றத்தோடு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பீர்கள். சாக்ஸ் ஆறு ஜோடி. ஷூ, பள்ளி அனுமதித்தால், லேஸ் இல்லாமல் ஒட்டுகிற பட்டை வைத்தது. தானே மாட்டிக்கொள்ளும், உங்கள் முதுகும் தப்பும். வாரத்தில் ஒரு நாள் வெள்ளை ஷூ, ஒரு நாள் விளையாட்டு உடை என்று பள்ளிக்குப் பள்ளி மாறும். காலண்டரில் அந்தக் கிழமைகளை வட்டமிட்டுவிடுங்கள். இஸ்திரி வண்டிக்காரரிடம் சனிக்கிழமை காலையில் கொடுத்தால் ஞாயிறு சாயங்காலத்துக்குள் வந்துவிடும். ஞாயிறு கொடுத்தால் சில இடங்களில் திங்கள்தான். எல்லாத் துணியிலும் டப்பாவிலும் பெயர் எழுதுங்கள். ஸ்வெட்டர் தேவையில்லாத ஊர் என்பதால் தொலைவது பெரும்பாலும் டப்பா மூடிகள்தான்.

6. சமையலறை

வாரத்துக்கு ஐந்து டிபனைக் கிழமைவாரியாக முடிவு செய்துவிடுங்கள். காலையில் ‘இன்னிக்கு என்ன பண்ணலாம்’ என்ற கேள்வியே எழக் கூடாது. எங்கள் வீட்டுப் பட்டியல்: திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன் பொங்கல், வியாழன் சேமியா, வெள்ளி தோசையோ ஊத்தப்பமோ. ஞாயிறு மாலை மாவு அரைத்தால் செவ்வாய் வரை இட்லி, தோசைக்கு வரும். அப்புறம் புதன் மாலை ஒருமுறை. சென்னை வெயிலில் மாவு ஆறு, ஏழு மணி நேரத்தில் பொங்கி வழியும். மார்கழியில் பத்து, பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். மே மாதத்தில் ராத்திரி எட்டு மணிக்கு அரைத்து வெளியே வைத்தால் விடிவதற்குள் புளித்துவிடும். பிள்ளை ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளிக்கும். வெயில் காலத்தில் மதியம் அரைத்து, பொங்கியதும் படுக்கப் போகும் முன் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அரைக்க முடியாத வாரங்களில் கடை மாவு வாங்குவதில் தப்பே இல்லை. பாக்கெட்டில் அரைத்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். பல தெருக்களில் காலை ஏழு மணிக்கு முன்பே சைக்கிளில் இடியாப்பம் வரும். ஐந்தாறு வாங்கித் தேங்காய்ப் பாலோ சர்க்கரையோ போட்டால் அன்றைய வேலை முடிந்தது.

பால் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எழுந்ததும் ஒரு டம்ளர் நிறையப் பால் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். வயிறு நிறைந்துவிடும், ஏழு மணிக்கு வைத்த இட்லி இறங்காது. ‘என் பிள்ளை காலையில் சாப்பிடவே மாட்டேங்குது’ என்று சொல்பவர்கள் முதலில் இதை மாற்றிப் பாருங்கள். எழுந்ததும் இரண்டு வாய் வெந்நீர், டிபன், கடைசியாகக் கால் டம்ளர் பால். ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். பால் பாக்கெட்டுக்காகக் கடைக்கு ஓடுவதைத் தவிர்க்க ஆவினின் மாதாந்திர அட்டை வாங்கிக்கொள்ளலாம். கடை விலையைவிட லிட்டருக்குக் குறைவாகவும் கிடைக்கும், தினமும் பால் உறுதி.

ஊட்டும்போது போன் காட்டாதீர்கள். அன்றைக்கு மட்டும் வேலை எளிதாக முடிந்த மாதிரி இருக்கும். அடுத்த நாள் போன் இல்லாமல் வாய் திறக்காது, போனைப் பிடுங்கினால் அழுகை, வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். சின்ன இட்லித் தட்டில் குட்டி இட்லி ஊற்றி, கையில் கொடுத்துத் தானே சாப்பிடவிடுங்கள். சட்டினி சிந்தும். அதனால்தான் சீருடையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னேன். குளித்ததும் பனியன், ஜட்டியோடு உட்காரட்டும், கழுவித் துடைத்த பிறகு சட்டை.

எல்.கே.ஜி. பெரும்பாலும் மதியத்துக்குள் விட்டுவிடும் என்பதால் சாப்பாட்டு டப்பா வேண்டியதில்லை, ஸ்நாக்ஸ் டப்பா போதும். வாழைப்பழம், வேகவைத்த கேரட், சுண்டல், பொரி, கடலை மிட்டாய் என்று அனுப்புவார்கள். நான்கு வயதுக்குள் முழு வேர்க்கடலையும் கடலை மிட்டாயும் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. திராட்சையை நீளவாக்கில் கீறிப் போடுங்கள். டப்பாவின் மூடியைப் பிள்ளை தானாகத் திறக்க முடிகிறதா என்று கடையிலேயே திறக்கச் சொல்லிப் பாருங்கள். திறக்க முடியாத டப்பா அப்படியே திரும்பி வரும்.

மூத்த பிள்ளை மாநகராட்சிப் பள்ளியில் 1 முதல் 5-ஆம் வகுப்புக்குள் படித்தால் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளியிலேயே டிபன் கிடைக்கும். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று. 2025 ஆகஸ்டிலிருந்து நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் இது வந்துவிட்டது. வகுப்பு தொடங்கும் முன்பே பரிமாறிவிடுவார்கள். எத்தனை மணிக்குள் பிள்ளை அங்கே இருக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு, அந்த நேரத்தை உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

7. கழிப்பறைக்கு நேரம் ஒதுக்குங்கள்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் காலை நேரச் சண்டைகளில் பாதி இதனால்தான். அவசரத்தில் போகாமல் கிளம்பிய பிள்ளை, பள்ளிக் கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டு அடக்கிக்கொள்ளும். அடக்கி அடக்கி மலச்சிக்கல் வரும். அப்புறம் உட்காரவே பயப்படும். சாப்பிட்டதும் குடல் அசைவது உடம்பின் இயல்பு. ஆகவே காலை 6.30-க்கு வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், டிபன் முடிந்த பிறகு ஏழரைக்கு ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பாருங்கள். மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் பிள்ளையின் கால் அந்தரத்தில் தொங்கும், முக்க முடியாது. காலுக்கடியில் ஒரு சின்ன ஸ்டூல் வையுங்கள். ‘வந்துச்சா, வந்துச்சா’ என்று கதவைத் தட்டாதீர்கள்.

குளியலுக்குப் பெரிய நேரம் தேவையில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மேல்தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும், ஹீட்டர் வேண்டாம். மழைக்காலத்தில் மட்டும் எழுப்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால் போடுங்கள். அடுக்குமாடியில் மோட்டார் எத்தனை மணிக்குப் போடுகிறார்கள் என்று வாட்ச்மேனிடம் கேட்டு வையுங்கள். ஆனாலும் ராத்திரியே ஒரு வாளி நிறைத்து வைப்பது நல்லது. தலைக்குக் குளிப்பதும் எண்ணெய் தேய்ப்பதும் சனி, ஞாயிறு. பெண் பிள்ளைக்கு நீளமான முடி என்றால் ரெட்டைப் பின்னல் பத்து நிமிடத்தைச் சாப்பிடும். இரண்டு வருடத்துக்குக் கழுத்தளவு வெட்டிவிடலாம். பாட்டிகளுக்கு மனம் வராது. அவர்களே பின்னிவிடுவதாக இருந்தால் நல்லது, அதை அவர்கள் வேலையாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

8. யார் எதைச் செய்வது

‘நான் ஹெல்ப் பண்றேன்’ என்ற பேச்சு வேண்டாம். உதவி செய்பவர் ஒவ்வொன்றுக்கும் ‘அடுத்து என்ன செய்யட்டும்’ என்று கேட்டுக்கொண்டு நிற்பார். அதற்குப் பதில் சொல்வதே இன்னொரு வேலை. பிள்ளை ஒருவர் பொறுப்பு, சமையலறை ஒருவர் பொறுப்பு. எழுப்புவதிலிருந்து வேன் வரை பிள்ளையைப் பார்ப்பவர் அடுப்புப் பக்கம் போக வேண்டாம். அடுப்பில் இருப்பவர் அங்கிருந்து ‘பல் தேய்ச்சாச்சா?’ என்று குரல் கொடுக்கவும் வேண்டாம். வாரம் ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொருவருக்கு இரண்டும் தெரிந்திருக்கும்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவை நம்பிக் காலைக் கணக்கைப் போடாதீர்கள். அவருக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும், அவர் வீட்டிலும் இதே ஓட்டம்தான். ராத்திரிப் பாத்திரத்தை ராத்திரியே கழுவிவிட்டு, அவரை எட்டரைக்கு மேல் வரச் சொல்லுங்கள். இருவருக்கும் நிம்மதி.

இன்னும் பள்ளி வயது வராத சின்னது ஒன்று இருந்தால் அலுவலகத்தில் கேளுங்கள். மகப்பேறு நலச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். கேட்டால்தான் மனிதவளப் பிரிவில் சொல்வார்கள்.

9. மழை நாளும் காய்ச்சல் நாளும்

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை விடுமுறை அறிவிப்பு காலை ஆறு, ஆறரைக்குக்கூட வரும். அறிவிப்பது மாவட்ட ஆட்சியர். இங்கேதான் புதிதாக வந்தவர்கள் குழம்புவார்கள். வெளியூர்க்காரர்கள் மொத்தமாகச் சென்னை என்று சொல்லும் பகுதி சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் என்று நான்கு மாவட்டங்களில் கிடக்கிறது. தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம், ஆவடி திருவள்ளூர் மாவட்டம், வேளச்சேரி சென்னை மாவட்டம். வீடு தாம்பரத்திலும் பள்ளி வேளச்சேரியிலும் இருந்தால் நீங்கள் பார்க்க வேண்டியது பள்ளி இருக்கும் மாவட்டத்தின் அறிவிப்பை. எழுப்புவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டு எழுப்புங்கள். அரைத் தூக்கத்தில் கிளப்பி நிறுத்திய பிறகு லீவு என்று தெரிந்தால் அன்று முழுவதும் பிள்ளை சிடுசிடுக்கும். மழை நாளில் வேன் இருபது நிமிடம் தாமதமாகும். மெட்ரோ பணிக்காகச் சாலையைத் திருப்பிவிட்டிருக்கும் பகுதி என்றால் இன்னும் கூட. பையில் ஒரு செட் மாற்றுத் துணியை பிளாஸ்டிக் கவரில் சுற்றி நிரந்தரமாகப் போட்டு வையுங்கள்.

காய்ச்சலுக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் பள்ளி. காலையில் பாரசிட்டமால் கொடுத்து அனுப்பினால் பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வரும், இரண்டு பேரில் ஒருவர் வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். முதல் வருடம் இப்படி நாள்கள் நிறைய வரும். யார் எந்தக் கிழமையில் லீவு போடுவது என்பதை ஞாயிறு ராத்திரியே பேசி வையுங்கள். அலுவலகத்தில் முக்கியமான கூட்டம் எந்த நாளில் என்று அப்போதே தெரிந்திருக்கும். திங்கள், புதன் அப்பா. மற்ற நாள் அம்மா என்று முடிவாகியிருந்தால், காலை ஆறு மணிக்கு நெற்றியைத் தொட்டுப் பார்க்கும்போது யார் வீட்டில் இருப்பது என்ற பேச்சே எழாது. கோப்பில் இருக்கும் ரத்த வகைச் சீட்டுக்குப் பக்கத்தில் உங்கள் குழந்தை மருத்துவரின் எண்ணையும், அவர் காலையில் எத்தனை மணிக்கு வருவார் என்பதையும் எழுதி வையுங்கள். பாட்டி மட்டும் வீட்டில் இருக்கும் நாளிலும் அது கைக்குக் கிடைக்கும் இடத்தில் இருக்கட்டும்.